நாலு நிமிடக் காலி நாற்காலி

மின்னஞ்சல் வந்தபோது அண்ணன் தலையில் அட்டைப்பெட்டியை மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். லைவ் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேமராவுக்குப் பின்னால், சுவரை ஒட்டிய சின்ன மேசையில் உட்கார்ந்திருந்தேன். என் திரையின் மூலையில் ஒரு வரி எழும்பி மறைந்தது. 'காப்புரிமை அறிவிப்பு: மூன்றாவது.'

தொண்ணூறு நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலை மூடிவிடுவார்கள். முதலாவது ஒரு நடனப் போட்டி நிகழ்ச்சியை எடுத்துப் போட்டதற்காக விழுந்தது. இரண்டாவது, நாலு பேர் சேர்ந்து எடுத்த ஒரு நகைச்சுவைக் காட்சிக்காக. இரண்டு தடவையும் அண்ணன், "பொழுது போகாதவன் அடிக்கிறான், விடு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீடியோவைத் தேடப் போய்விட்டான்.

லைவ் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் சைகை காட்டினால் அவன் குரல் மாறும். குரல் மாறினால் சாட்டில் இருப்பவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். அண்ணன் மேசையை ஒரு தட்டு தட்டினால் நான் வீடியோவை நிறுத்த வேண்டும். இரண்டு தட்டினால் ஓட விட வேண்டும். அவன் தட்ட மறந்தாலும், மனதுக்குள் இருபது எண்ணி முடித்ததும் நானே நிறுத்திவிட வேண்டும்.

"இருபதுக்கு மேல ஓடினா திருட்டு. இருபதுக்குள்ள நிறுத்திப் பேசினா விமர்சனம்." இது அண்ணனின் சட்டம். படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றிப் போடுவதும், ஓரத்தில் தடித்த மஞ்சள் கட்டம் போடுவதும் இதே சட்டத்தின் மற்றப் பிரிவுகள். எல்லாம் அவனைப் போல அடுத்தவர் வீடியோவை ஓட்டிச் சிரித்துப் பேசும் வேறு ரியாக்‌ஷன்காரர்கள் வாய்வழி வந்தவை. எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. அவனும் தேடியதில்லை.

லைவ் முடிந்ததும் பெட்டியைக் கழற்றினான். வியர்வையில் முடி நெற்றியோடு ஒட்டிக்கிடந்தது.

"என்னடி ஊமைக்கோட்டான், இன்னைக்குக் கையில வாதமா? ரெண்டு தடவை லேட்டா நிறுத்தினே."

நான் திரையை அவன் பக்கம் திருப்பினேன். நின்றபடியே படித்தான். பிறகு உட்கார்ந்து படித்தான்.

"யாரு இது, 'படிக்கட்டுப் பேச்சு'?"

"துடைப்பத்தையும் மாப்பையும் வெச்சுப் பேசுவாங்களே, அந்த அக்கா."

ஏதோ ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் மாடிப்படி துடைக்கும் பெண் அவர். முகத்தைத் துணியால் பாதி மறைத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்து, அந்தக் கட்டடத்தில் நடக்கும் சண்டைகளைத் தனி ஆளாக நடித்துக் காட்டுவார். துடைப்பம் ஒரு வீட்டுக்காரர், மாப் இன்னொரு வீட்டுக்காரர். குரல் மட்டும் நாலைந்து வரும். மூன்று வாரத்துக்கு முன் அவருடைய பதினோரு நிமிட வீடியோ ஒன்றை நாங்கள் லைவில் போட்டிருந்தோம். தேடிக் கொடுத்தது நான்.

"எத்தனை பேர் இருக்காங்க அவ சேனல்ல?"

"தொள்ளாயிரம்."

"தொள்ளாயிரம்!" அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "நான் லைவ்ல தும்மினா அதைவிட அதிகம் பேர் பாப்பாங்க. நம்மகிட்ட அவ வீடியோவை எண்பதாயிரம் பேர் பாத்திருக்காங்க. ஓசியில விளம்பரம். நன்றி சொல்ல வேண்டியவ கேஸ் போடுறா!"

கடிதத்தில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குச் சேனலை மூடிவிடுவார்கள், அதற்குள் எதிர்மனு கொடுக்கலாம். வீடியோவை நியாயமான முறையில்தான் பயன்படுத்தினோம் என்று உறுதிமொழி எழுதி, முழுப் பெயரும் முகவரியும் போட வேண்டும். அந்தப் பெயரும் முகவரியும் புகார் கொடுத்தவருக்குப் போகும். அவர் பத்து நாளுக்குள் நீதிமன்றம் போகாவிட்டால், எடுத்த வீடியோ பழையபடி ஏறிவிடும், ஸ்ட்ரைக்கும் போய்விடும். எழுதியது பொய் என்று தெரிந்தால் கையெழுத்துப் போட்டவர் மீது சட்டப்படி நடவடிக்கை வரும்.

"மாடிப்படி துடைக்கிறவ எங்க கோர்ட்டுக்குப் போகப் போறா," என்றான் அண்ணன். "இருபதுக்கு ஒரு தரம் நிறுத்தியிருக்கோம். பயமே இல்ல. எழுதிப் போட்டுடலாம். நீ கையெழுத்து மட்டும் போடு."

நான்தான் போட வேண்டும். சேனல் என் பெயரில் இருந்தது.

அண்ணனுக்கு இதற்கு முன் ஒரு சேனல் இருந்தது. அதுவும் மூன்று ஸ்ட்ரைக்கில்தான் போனது. சேனல் மூடப்பட்டவர் அந்தத் தளத்தில் இன்னொன்று தொடங்கக் கூடாது என்பது விதி. எனக்குப் பதினெட்டு முடிந்த அதே வாரம் அண்ணன் ஒரு கேக்கோடு வந்து, "குட்டி, ஒரு சின்ன உதவி" என்றான். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு வீட்டில் இருந்தவளுக்கு ஒரு வேலை கிடைத்ததே என்று எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அட்டைப்பெட்டி வந்தது அதற்குப் பிறகு. முகம் தெரிந்தால் பழைய ஆள் என்று யாராவது எழுதிப் போட்டுவிடுவார்கள் அல்லவா? 'டப்பா மண்டை' என்று சேனலுக்குப் பெயர் வைத்தோம். இரண்டு வருடத்தில் ஒன்றரை லட்சம் பேர் சேர்ந்தார்கள். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இரட்டை ஷிப்ட் பார்ப்பதை நிறுத்தியது இந்தச் சேனலால்தான்.

 அண்ணனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

அந்தப் பதினோரு நிமிட வீடியோ ஓடிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு உரிமையாளர், "தண்ணி வழியுது, மோட்டாரை நிறுத்துங்கப்பா!" என்று கத்தினார். எப்போதும் நான்தான் போய் நிறுத்துவேன். அன்று அண்ணன் பெட்டியைத் தலையிலேயே வைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் மக்களே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அவன் நாற்காலியை விட்டு எழுந்தால் வீடியோவை நிறுத்திவிட வேண்டும். அது சொல்லாமலே தெரிந்த வேலை. நான் நிறுத்தவில்லை.

வீடியோவில் துடைப்பமும் மாப்பும் செருப்பு ஸ்டாண்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. என் வாசல் பக்கம் நாலு விரக்கடை தள்ளி வைத்துவிட்டாய் என்று துடைப்பம் சொன்னது. மாப் உள்ளே போய் அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு வந்தது. அந்த அக்கா டேப்பின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, அப்படியே மாப்பின் குரலில் பேசினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு, மேசையில் கவிழ்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எண்ணவில்லை. நேரம் தெரியவில்லை. படியில் அண்ணனின் காலடி கேட்டதும்தான் விரல் தானாகப் பொத்தானை அழுத்தியது. சாட்டில், 'நாற்காலி நல்லா ரியாக்ட் பண்ணுது' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அண்ணன் அதைப் படித்துவிட்டு, நாற்காலிக்கு ஒரு கும்பிடு போட்டு உட்கார்ந்தான். அவனுக்குத் தன் பழைய லைவைத் திரும்பிப் பார்க்கிற வழக்கமே இல்லை.

மறுநாள், புதன்கிழமை காலையில் பதிவை எடுத்து அளந்து பார்த்தேன். நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி. திரையில் காலி நாற்காலி, பக்கத்தில் அந்த அக்காவின் வீடியோ முழுசாக. ஒரு சொல் விமர்சனம் இல்லை.

அண்ணன் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். எப்போது சொன்னாலும் திட்டு விழும், வாயில் நுரை இருக்கும்போது சொன்னால் கொஞ்சம் தாமதமாக விழும் என்று ஒரு கணக்கு.

அவன் துப்பிவிட்டு வந்தான். "நாலு நிமிஷமா?"

"ம்."

"நாலு நிமிஷம் என்னடி பண்ணிட்டிருந்தே? தூங்கினியா?"

"சிரிச்சிட்டிருந்தேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ரியாக்‌ஷன் கொடுப்பது அவன் தொழில். எனக்கு அந்த வேலை இல்லை.

"சரி," என்றான் வாயைத் துடைத்துக்கொண்டு. "லைவைத் தளத்துக்காரங்க எடுத்துட்டாங்க. முழுப் பதிவு இப்ப யார்கிட்ட இருக்கு? நம்மகிட்ட மட்டும்தான். நாலு நிமிஷத்தை வெட்டிடு. மிச்சத்தை மனுவோட சேத்து அனுப்பு. பாரு, எப்படி நிறுத்தி நிறுத்திப் பேசியிருக்கோம்னு அதுவே சொல்லும்."

"கையெழுத்து என்னோடதுண்ணா."

"தெரியுதுல்ல? நிறுத்தாம விட்டதும் நீதான். அப்ப யாரு சரி பண்ணணும்?"

வெட்டினேன். எனக்கு வெட்டத் தெரியும், ஒட்டு தெரியாமல் செய்யவும் தெரியும். நாற்காலியில் அவன் எழும் இடத்தையும் உட்காரும் இடத்தையும் சேர்த்தபோது, ஒரு ஆள் லேசாக அசைந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. அண்ணன் முதுகில் தட்டினான். "கைகாரிடி நீ." மனுவையும் அவனே தட்டச்சு செய்தான். 'சிறு சிறு பகுதிகளாக மட்டுமே, தொடர்ந்து விமர்சித்தபடி' என்று எழுதியிருந்தான். கீழே என் பெயரும் வீட்டு முகவரியும் இருந்தன. நான், "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கே" என்று சொல்லி நழுவினேன்.

வியாழக்கிழமை அவன் குளிக்கப் போனபோது அந்த அக்காவுக்கு எழுதினேன். மன்னிப்பு என்று தொடங்கி மூன்று தடவை அழித்தேன். கடைசியில் நடந்ததை மட்டும் எழுதினேன். நிறுத்த வேண்டியது நான், சிரித்துக்கொண்டே இருந்துவிட்டேன், உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் செய்கிறேன். புகாரைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்க விரல் வரவில்லை. பதில் வரவில்லை. அன்று இரவு வரவில்லை, மறுநாள் காலையும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணி தாண்டியதும் அண்ணன் மனுவைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். ஜன்னலை அடைத்த போர்வை வழியே வெயில் ஊசி ஊசியாக உள்ளே விழுந்தது. நான் உட்கார்ந்ததும் கணினியில் அழைப்பு மணி அடித்தது. அறை ஸ்பீக்கரில் அது பெரிதாகக் கேட்டது. திரையில் 'படிக்கட்டுப் பேச்சு' என்று வந்தது.

"அவ எதுக்கு உன்னைக் கூப்பிடுறா?" என்றான் அண்ணன்.

"நான் எழுதினேன்."

 அவன் எடு என்று கையைக் காட்டினான். விரலை உதட்டில் வைத்து, தான் இருப்பதைச் சொல்லாதே என்றும் காட்டினான்.

"ஹலோ. எழுதினது நீதானா கண்ணு?"

வீடியோவில் கேட்ட ஐந்து குரலிலும் இது இல்லை. களைத்த, சாதாரணக் குரல். பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"ஆமாக்கா."

"சிரிச்சிட்டே இருந்துட்டேன்னு எழுதியிருக்கே. நெசமா, இல்ல எனக்கு ஐஸ் வைக்கறதுக்கா? எந்த இடத்துல சிரிச்சே?"

"செருப்பு ஸ்டாண்டு. டேப்பைப் பல்லுல கடிச்சிட்டுப் பேசுவீங்களே, அங்க."

தண்ணீர் நின்றது. "அந்த டேப்புக்காரராலதான் இப்ப எனக்கு வினை."

"அவரு பாத்துட்டாராக்கா?"

"பாக்க வெச்சுட்டீங்களே. என் சேனல்ல இருக்கிற தொள்ளாயிரம் பேரும் எங்கெங்கயோ இருக்கிறவங்க. முக்கால்வாசி என்னை மாதிரி வேலை செய்றவங்க. இந்த பில்டிங் ஆள் ஒருத்தர் கண்ணுலயும் படாம ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கேன். பெருசாகணும்னு நான் கேட்டேனா? மூணாம் மாடிப் பொண்ணு உங்க டப்பாக்காரருக்கு ரசிகையாம். வீட்டு டிவியில போட்டு எல்லாரும் உக்காந்து பாத்திருக்காங்க. படத்தைத் திருப்பிப் போட்டா அடையாளம் தெரியாதுன்னு நெனச்சீங்களா? சுவத்துல மாடி நம்பர் கண்ணாடியில தெரியற மாதிரி இருந்திருக்கு. அந்தப் பொண்ணு போனை எடுத்து நேராக்கிப் பாத்திருக்கு. அவ்வளவுதான், என் குட்டு உடைஞ்சுது."

 அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"திங்கக்கிழமை கூட்டம் போடுறாங்க. என்னை வெச்சுக்கறதா, அனுப்பறதான்னு. வீடியோ எங்கயும் இல்லாம பண்ணிட்டு வந்தா மன்னிப்பு கேட்டு முடிச்சுக்கலாம்னு செக்ரட்டரி சொல்லியிருக்காரு. அதுக்குத்தான் புகார் குடுத்தேன், உங்க வயித்துல அடிக்கறதுக்கில்ல. அந்த டேப்பு மனுஷன் என்னை நிக்க வெச்சுக் கேட்டாரு பாரு…" அக்காவின் குரல் திடீரென்று மூக்கால் பேசும் ஆணின் குரலானது. "'ஏம்மா, நான் டேப்பு கொண்டு வந்தது நெசம்தான். ஆனா நாலு விரக்கடைன்னு ஏன்ம்மா சொன்னே? அளந்தப்ப அஞ்சு!'"

அண்ணன் சிரித்துவிட்டான்.

அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவனுடைய சிரிப்பு ஊருக்கே தெரிந்த சிரிப்பு. கிளம்பாத ஸ்கூட்டரை உதைப்பதுபோல இழுத்து இழுத்து, கடைசியில் ஒரு கீச்சு. அந்தக் கீச்சும் வந்துவிட்டது.

 நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் கையால் வாயைப் பொத்தியிருந்தான்.

"இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்," என்றார் அக்கா. "என் வீடியோ பூரா என் பேச்சுக்கு மேல இதுதான் ஏறி உக்காந்திருந்துச்சு. பொண்ணை முன்னால விட்டுட்டுப் பின்னால ஒளிஞ்சிருக்கியாப்பா?"

"இல்லீங்க… இங்கதான்… பக்கத்துல இருந்தேன்." லைவில் பேசுகிற குரல் அவனுக்கு வரவில்லை. "நாங்க உங்களுக்குக் கெடுதல் பண்ணணும்னு போடலைங்க. நல்லா இருந்துச்சு, நாலு பேர் பாக்கட்டும்னுதான்…"

"நாலு பேரா?"

அண்ணன் பிடரியைச் சொறிந்தான்.

"புகாரை வாபஸ் வாங்குங்கன்னு கேக்கத்தானே பம்முறே? வாங்கறேன். மறுபடி நீ ஏத்த மாட்டேன்னு என்ன நிச்சயம்?"

"ஏத்த மாட்டேங்க. சத்தியமா."

"வாயால பேசறதுதானே உன் தொழிலு. எழுதிக் குடு. இனிமே என் வீடியோ எதையும் போட மாட்டேன், மனு கினு எதுவும் குடுக்க மாட்டேன், உன் ரசிகருங்க வெட்டி வெச்சிருக்கறதையும் எடுக்க வைப்பேன்னு எழுதி, பேரு போட்டு அனுப்பு."

"தங்கச்சி பேருலதான் சேனல் இருக்கு. அவ எழுதித் தருவா."

"அவ பேரு எதுக்கு? அவதான் ஏற்கெனவே எழுதிட்டாளே. உன் பேரு."

அண்ணன் கையை நீட்டி எங்கள் பக்கத்து மைக்கை அணைத்தான். 

"நான் போடக் கூடாது. புரியுதா உனக்கு? என் பேரு எழுத்துல போச்சுன்னா, அவ தளத்துக்கு ஒரு வரி எழுதினா போதும். மூடின சேனல்காரன் தங்கச்சி பேருல நடத்துறான்னு. ஸ்ட்ரைக்கே தேவையில்ல, அன்னைக்கே இழுத்து மூடிடுவாங்க. மணி என்ன?"

"மூணே கால்."

"மனுவைப் போடு."

"போட்டா வீடியோ திரும்ப ஏறிடும்ணா. திங்கக்கிழமை அவங்களுக்குக் கூட்டம்."

"ஏற பத்து நாளாகும். அதுக்குள்ள கூட்டம் முடிஞ்சிடும்."

"முடிஞ்சப்புறம் ஏறினா விட்டுடுவாங்களா?"

அவன் என் நாற்காலியை ஒதுக்கிவிட்டு, சுட்டியைப் பிடித்து, 'சமர்ப்பி' என்பதை அழுத்தினான். என் கையில் இருந்த கைப்பேசி அதிர்ந்தது. கணக்கு உரிமையாளர் என்பதை உறுதிசெய்ய ஆறு இலக்க எண் ஒன்று வந்திருந்தது. திரையில் ஆறு காலிக் கட்டங்கள். பக்கத்தில் பத்து நிமிடக் கடிகாரம் குறைந்துகொண்டே வந்தது.

"நம்பரைச் சொல்லு."

நான் கைப்பேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"ஏய். விளையாடாத. சொல்லு."

"ஹலோ?" என்றது ஸ்பீக்கர். "இருக்கீங்களா, இல்ல ஓடிட்டீங்களா?"

"குடுடி போனை!" என் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் இதுவரை என்மேல் கை வைத்ததில்லை. எவ்வளவு அழுத்திப் பிடித்தானோ அவ்வளவு இறுக்கி நானும் பிடித்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. "நீ நிறுத்தியிருந்தா இந்தக் கண்றாவியே வந்திருக்காது. நான் ரெண்டு வருஷமா தலையில பெட்டியை மாட்டிட்டு வேகிறேன். உனக்கு அந்தப் பொம்பளை முக்கியமாப் போச்சு. அம்மாவை மறுபடி ரெட்டை ஷிப்டுக்கு அனுப்புவியா? சொல்லுடி!"

"என் பேருல பொய் எழுத மாட்டேன்," என்றேன். அழுகை வந்துவிடும் என்று பயந்தேன். வரவில்லை. "பதிவை வெட்டினது தப்பு. முழுசும் என்கிட்ட இருக்கு. மனுவோட போகணும்னா முழுசு போகட்டும். நாலு நிமிஷமும் சேர்ந்து போகட்டும். அப்படின்னா நம்பர் சொல்றேன்."

"முழுசு போனா மனு நிக்குமா, அறிவுகெட்டவளே?"

"நிக்காதுன்னு தெரியுதுல்ல?"

அவன் பிடி தளர்ந்தது. என் மணிக்கட்டில் அவன் விரல்கள் வெள்ளையாகப் பதிந்திருந்தன. அவற்றை அவனும் பார்த்தான். கடிகாரம் ஆறு நிமிடத்துக்கு வந்திருந்தது. ஐந்துக்கு வந்தது. ஸ்பீக்கரில் மறுபடி தண்ணீர் விழும் சத்தம். அந்த அக்கா அழைப்பைத் துண்டிக்காமல் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார் போலிருந்தது. துடைப்பம் படியில் சரக் சரக்கென்று இறங்குவது கேட்டது.

பத்து நிமிடம் முடிந்து கட்டங்கள் மறைந்தன. 'மீண்டும் முயலவும்' என்று வந்தது. அண்ணன் அதை அழுத்தவில்லை. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தான். மைக்கைப் போட்டான்.

"எழுதறேங்க. லைன்லயே இருங்க."

"இருக்கேன். இன்னும் ரெண்டு மாடி பாக்கி."

ஒரு விரலால் தேடித் தேடித்தான் அவன் தட்டச்சு செய்வான். எட்டு வரி எழுத இருபது நிமிடம் ஆனது. கடைசி வரிக்கு வந்ததும் நின்றான். எங்கள் ரேஷன் அட்டையிலும் அம்மாவின் வாயிலும் மட்டும் இருக்கும் அவனுடைய முழுப் பெயரை, அப்பாவின் முதலெழுத்தோடு எழுதினான். ஒரு எழுத்து தப்பாக விழுந்தது. அதைத் திருத்தினான். அனுப்பினான்.

"வந்துடுச்சு," என்றார் அக்கா. "கிளிப்பு விஷயம்?"

"இருபத்துமூணு கண்டுபிடிச்சேன்க்கா," என்றேன் நான். "நேத்துல இருந்து எல்லாருக்கும் எழுதிட்டிருக்கேன். பத்தொன்பது பேர் எடுத்துட்டாங்க. நாலு பாக்கி."

"நேத்துல இருந்தா?" என்றான் அண்ணன் மெதுவாக.

"சரி. நான் படிச்சுப் பாக்கணும். கை ஈரமா இருக்கு," என்று சொல்லி அக்கா வைத்துவிட்டார்.

மணி மூன்று நாற்பத்தெட்டு. வேறொன்றும் செய்வதற்கில்லை. அண்ணன் எழுந்து போர்வையை விலக்கி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். நான் அஞ்சல் பெட்டியைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து. ஏதோ ஒரு கடையின் விளம்பரம் வந்து எங்கள் இருவர் உயிரையும் வாங்கிவிட்டுப் போனது.

"புகாரை வாபஸ் வாங்க மாட்டா," என்றான். "பேரை வாங்கிட்டா, இனிமே எதுக்கு வாங்கணும்? நான் ஒரு முட்டாள்."

மூன்று ஐம்பத்தெட்டுக்கு வந்தது. இரண்டே வரி. உரிமையாளர் தம் புகாரைத் திரும்பப் பெற்றுள்ளார். உங்கள் சேனலில் தற்போது இரண்டு ஸ்ட்ரைக்குகள் உள்ளன.

அண்ணன் அதை உரக்கப் படித்தான். நாங்கள் குதிக்கவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. அவன் நாற்காலியில் சரிந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"சேனல் இருக்கு," என்றான். "ஆனா இனிமே என் பேரு அவ கையில. நாளைக்கு அவளுக்கு ஒரு கோவம் வந்தா போச்சு."

"என் பேரு ரெண்டு வருஷமா உன் கையிலதானேண்ணா இருக்கு," என்றேன்.

அவன் கையை முகத்திலிருந்து எடுக்கவில்லை. 

"அஞ்சு மணி லைவ் இல்லைன்னு போடு," என்றான் கடைசியில்.

போட்டேன். அடுத்த நொடியே சாட்டில் என்னாச்சு, என்னாச்சு என்று குவியத் தொடங்கியது. அவன் அதைப் பார்க்கவில்லை. நாற்காலியை என் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"பாக்கி இருக்கிற நாலு பேர் யாரு?"

பட்டியலைக் காட்டினேன். முதலில் இருந்தவருக்கு மூன்று தடவை எழுதியிருந்தேன், பதில் இல்லை. அவர் கிளிப்பை எட்டாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது எட்டாயிரத்துப் பதினொன்று ஆனது.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்குக் கூட்டம்?"

"சொல்லலையே."

"கேளு," என்றான். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஒரு விரலால் அந்த முதல் ஆளுக்கு எழுதத் தொடங்கினான்.